மரியோ லெமியூ

மரியோ லெமியூ (பிறப்பு: 1965 அக்டோபர் 5) கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஐஸ் ஹாக்கி வீரர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்.) 1984 முதல் 2006 வரை, இடையிடையே ஆடாதிருந்த ஆண்டுகள் போக, பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடியவர். 915 ஆட்டங்களில் 690 கோல், 1033 அசிஸ்ட் என மொத்தம் 1723 புள்ளிகள் எடுத்தார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.88 புள்ளி. இந்தச் சராசரியில் வேய்ன் கிரெட்ஸ்கி (1.92) ஒருவரே இவருக்கு முன்னால் நிற்கிறார்.

முதுகெலும்புக் கோளாறு, புற்றுநோய், இடுப்பு வலி, இதயத் துடிப்புச் சீர்கேடு எனப் பலமுறை உடல்நலக் குறைவால் களத்தை விட்டு விலகி, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவர். தமக்குச் சம்பள பாக்கி வைத்துத் திவாலான அணியை, அந்தப் பாக்கியையே பங்காக மாற்றி வாங்கிக்கொண்டவர். பின்னர் அதே அணிக்கு மீண்டும் இறங்கி ஆடி, ஆடிக்கொண்டே அணியின் உரிமையாளராகவும் இருந்த முதல் என்.எச்.எல். வீரரானார். ஸ்டான்லி கோப்பையை ஆட்டக்காரராகவும் உரிமையாளராகவும் வென்றவர் இவர் ஒருவரே.

ஆட்டமும் புள்ளிக் கணக்கும்

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றை, சறுக்குக் காலணி அணிந்த வீரர்கள் நீண்ட மட்டையால் பனித்தளத்தின்மேல் தள்ளிச் சென்று வலைக்குள் அடிக்க வேண்டும். கோல்காப்பாளர் உட்பட ஓர் அணிக்கு ஆறு பேர் களத்தில் இருப்பர். 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். ஒரு வீரர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தொடர்ந்து ஆடிவிட்டு வெளியேறுவார். சற்று ஓய்வெடுத்து மறுபடி இறங்குவார். தவறு செய்தவரைச் சில நிமிடம் வெளியே உட்கார வைத்தால், ஆள் கூடுதலாக உள்ள அணிக்கு அது 'பவர் பிளே'. கிரிக்கெட்டில் அதே பெயரில் வழங்குவது வேறு.

கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு வட்டைத் தள்ளிக்கொடுத்த கடைசி இருவர் வரை, 'அசிஸ்ட்' என்ற கணக்கில் ஆளுக்கு ஒரு புள்ளி. வழக்கமான பருவத்தில் ஓர் அணி 80 ஆட்டங்களை ஒட்டி ஆடும். அதில் முன்னிலை பெறும் அணிகள் பிளே ஆஃப் சுற்றுகளுக்குச் சென்று ஸ்டான்லி கோப்பைக்காக மோதும். ஒரு பருவத்தில் 100 புள்ளி எடுப்பவர் முதல்தர வீரராகக் கருதப்படுவார்.

இளமை

மாண்ட்ரியல் நகரின் வீல் எமார் பகுதியில் மூன்று சகோதரர்களில் ஒருவராக லெமியூ வளர்ந்தார். வீட்டின் கீழ்த்தளமே முதல் ஆடுகளம். சமையலறை மரக்கரண்டி மட்டையாகவும் பாட்டில் மூடி வட்டாகவும் பயன்பட்டன. வீட்டு முன்புறத்தில் தந்தை பனித்தளம் அமைத்துக் கொடுத்தார். இருட்டிய பின்னும் பிள்ளைகள் ஆடுவதற்காகப் பெற்றோர் பனியை வாரிவந்து வீட்டுக்குள் விரிப்பின்மேல் கெட்டித்துக் கொடுத்ததாகவும் கூறுவர்.

வீட்டு மொழி பிரெஞ்சு. பின்னாளில் பிட்ஸ்பர்க்குக்கு வந்தபின், தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தே ஆங்கிலத்தைப் பெரிதும் கற்றார்.

சிறுவயதில் இவர் அணிந்த எண் 27. அக்காலத்தில் 99 என்ற எண்ணோடு கிரெட்ஸ்கி புகழின் உச்சியில் இருந்தார். அந்த எண்ணைத் தலைகீழாக்கி 66 என்று அணியலாம் என்பது இவருடைய முகவர் சொன்ன யோசனை. பதின்பருவப் பையனுக்கு அது பெரிய சுமையாகியிருக்கக் கூடும். ஆனால் இவர் ஓய்வுபெறும்போது அந்த எண் இவருடையதாகவே அறியப்பட்டது.

லவால் அணியில் (1981–1984)

கியூபெக் இளையோர் லீக்கில் லவால் வொய்சேன் அணிக்கு மூன்று பருவங்கள் ஆடினார். 1983–84 பருவத்தில் 70 ஆட்டங்களில் 133 கோல், 149 அசிஸ்ட், மொத்தம் 282 புள்ளி எடுத்தது கனடா இளையோர் ஹாக்கியின் சாதனை. அந்த லீக்கில் ஒரு பருவத்துக்கான கோல் சாதனை கி லாஃப்ளேரின் 130. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு லெமியூ வந்தபோது அதை எட்ட மூன்று கோல் தேவைப்பட்டது. அன்று ஆறு கோல் அடித்தார். லவால் 16–4 என வென்றது.

பிட்ஸ்பர்க் வருகை

1984 ஜூனில், லீக்கில் புதிதாகச் சேரும் இளைஞர்களை அணிகள் தெரிவு செய்யும் 'டிராஃப்ட்' நிகழ்ச்சி மாண்ட்ரியலில் நடந்தது. கடைசி இடத்தில் முடித்த அணிக்கே முதல் தெரிவு என்பது அப்போதைய முறை. லெமியூவைப் பெறுவதற்காகவே பிட்ஸ்பர்க் வேண்டுமென்று தோற்றது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அணியின் நிலையும் பரிதாபமாகத்தான் இருந்தது. 1975இல் ஒருமுறை திவாலான அணி அது. 1983–84இல் அரங்க இருக்கைகளில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன.

முதல் பெயராகத் தம் பெயர் அழைக்கப்பட்டும், ஒப்பந்தப் பேச்சு முடியாததால், மேடைக்குச் சென்று அணியின் சட்டையை அணிய லெமியூ மறுத்தார். சொந்த ஊர்க்காரர்கள் முன்னிலையில் நடந்த இச்செயல் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. சில நாட்களில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

1984 அக்டோபர் 11 அன்று பாஸ்டனில் முதல் ஆட்டம். களமிறங்கிய முதல் முறையே, லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான ரே போர்க்கிடமிருந்து வட்டைப் பறித்து, தனியாக முன்னேறி, கோல்காப்பாளர் பீட் பீட்டர்ஸைத் தாண்டி வலைக்குள் போட்டார். தொழில்முறை ஆட்டத்தில் இவர் அடித்த முதல் அடி அது. அப்பருவத்தை 43 கோல், 57 அசிஸ்ட் என 100 புள்ளிகளோடு முடித்துச் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதைப் பெற்றார்.

1987 கனடா கோப்பை

திறமை இருந்தும் உழைப்பு போதாது என்ற பேச்சு இவரைப் பற்றி முதல் ஆண்டுகளில் இருந்தது. 6 அடி 4 அங்குல உயரமும் நீண்ட, நிதானமான சறுக்கலும் அப்படித் தோன்றச் செய்தன. விரைந்து ஓடுபவராக அவர் தெரிவதில்லை. அதோடு, அதுவரை இவர் ஆடிய மூன்று பருவங்களிலும் பிட்ஸ்பர்க் பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. நாட்டு அணிகள் மோதிய 1987 கனடா கோப்பைத் தொடர் இப்பேச்சுக்கு முடிவு கட்டியது. அங்கே கிரெட்ஸ்கியுடன் ஒரே வரிசையில் ஆடினார். அவருடைய பயிற்சி முறையையும் கட்டுப்பாட்டையும் அருகிருந்து பார்த்ததே தம்மை மாற்றியது என்று பின்னர் கூறியுள்ளார்.

சோவியத் ஒன்றியத்துடனான இறுதிப் போட்டி மூன்று ஆட்டங்கள் கொண்டது. மூன்றும் 6–5 என்ற கணக்கிலேயே முடிந்தன. ஆளுக்கொரு வெற்றியோடு நின்ற நிலையில், செப்டம்பர் 15 அன்று ஹாமில்டனில் மூன்றாம் ஆட்டம். கனடா தொடக்கத்திலேயே 0–3 எனப் பின்தங்கி, பின் மீண்டது. 5–5 என்றிருந்தபோது, தங்கள் எல்லையிலிருந்து வட்டுடன் கிளம்பிய கிரெட்ஸ்கி இடப்புறமாகப் பாய்ந்தார். லாரி மர்ஃபி வலைக்கு முன்னால் ஓடி ஒரு தடுப்பாட்டக்காரரைத் தம் பக்கம் இழுத்தார். பின்னால் வந்த லெமியூவுக்குக் கிரெட்ஸ்கி வட்டைத் தள்ளினார். லெமியூ நிதானித்து, வலையின் மேல்மூலையில் அடித்தார். அப்போது ஆட்டம் முடிய 1 நிமிடம் 26 நொடி இருந்தது. தொடரின் ஒன்பது ஆட்டங்களில் லெமியூ அடித்தவை 11 கோல். அவற்றில் ஒன்பதுக்கு வட்டு கொடுத்தவர் கிரெட்ஸ்கி.

உச்ச ஆண்டுகள்

அடுத்த பருவத்தில் (1987–88) 168 புள்ளி எடுத்தார். அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் விருதைத் தொடர்ந்து ஏழு ஆண்டும், மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதைத் தொடர்ந்து எட்டு ஆண்டும் வைத்திருந்த கிரெட்ஸ்கியிடமிருந்து இரண்டும் ஒரே ஆண்டில் இவர் கைக்கு வந்தன. 1988–89இல் 85 கோல், 114 அசிஸ்ட், 199 புள்ளி. ஒரு பருவத்தில் 200 புள்ளியைத் தொட்டவர் கிரெட்ஸ்கி மட்டுமே. அதற்கு மிக அருகில் வந்தவர் லெமியூ.

1988 டிசம்பர் 31 அன்று நியூ ஜெர்சி டெவில்ஸ் அணிக்கு எதிராக, கோல் அடிக்கக்கூடிய ஐந்து வகையிலும் ஒவ்வொன்று அடித்தார். இரு அணியிலும் ஆள் சமமாக இருந்தபோது ஒன்று. தம் அணியில் ஆள் குறைந்திருந்தபோது ஒன்று. பவர் பிளேயில் ஒன்று. தண்டனை அடியாக, கோல்காப்பாளரைத் தனித்து எதிர்கொண்டு ஒன்று. ஐந்தாவது, கடைசி நொடியில் வந்தது. தோற்கும் அணி கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதல் தாக்குதல் வீரரை இறக்குவது வழக்கம். அப்படிக் காலியாகக் கிடந்த வலைக்குள் தொலைவிலிருந்து வட்டைச் செலுத்தினார். பிட்ஸ்பர்க் 8–6 என வென்றது. எட்டுக் கோலிலும் லெமியூவின் பங்கு இருந்தது. ஒரே ஆட்டத்தில் ஐந்து வகையிலும் கோல் அடித்தவர் என்.எச்.எல். வரலாற்றில் வேறு எவரும் இல்லை.

முதுகு வலியும் இரு கோப்பைகளும்

1989–90இல் தொடர்ந்து 46 ஆட்டங்களில் ஒரு புள்ளியேனும் எடுத்துவந்தார். அந்த வரிசையை முறித்தது முதுகெலும்பின் வட்டு விலகல். 1990 ஜூலையில் அறுவை சிகிச்சை. தொடர்ந்து எலும்பில் தொற்று. பல வாரம் படுக்கையிலேயே கழிந்தது. 1990–91 பருவத்தின் முதல் 50 ஆட்டங்களை இழந்து, ஜனவரி இறுதியில் திரும்பினார். குனிய முடியாததால் இவருடைய சறுக்குக் காலணிக் கயிறுகளை அணியின் உதவியாளர்களே கட்டிவிட வேண்டியிருந்தது.

அந்த நிலையில்தான் பிட்ஸ்பர்க் தன் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. யாரோமீர் யாகர் என்ற 19 வயது செக் இளைஞர், பால் காஃபி, மார்ச்சில் வந்துசேர்ந்த ரான் ஃபிரான்சிஸ் ஆகியோர் உடனிருந்தனர். மினசோட்டா நார்த் ஸ்டார்ஸுடனான இறுதிப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில், லெமியூ தம் எல்லையிலிருந்து தனியாக வட்டைக் கொண்டுவந்து, இரு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே புகுந்து, கோல்காப்பாளர் ஜான் கேசியை ஒருபுறம் இழுத்துவிட்டு, தாம் விழுந்துகொண்டே மறுபுறம் வட்டைத் தள்ளினார். மூன்றாம் ஆட்டத்தில் முதுகு பிடித்துக்கொண்டதால் இறங்கவே முடியவில்லை. ஆறாம் ஆட்டத்தை பிட்ஸ்பர்க் 8–0 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. 23 ஆட்டங்களில் 44 புள்ளி எடுத்த லெமியூ, பிளே ஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்றார்.

கோப்பை வென்ற பயிற்சியாளர் பாப் ஜான்சன் அதே ஆண்டு நவம்பரில் மூளைப் புற்றுநோயால் இறந்தார். ஸ்காட்டி போமன் பொறுப்பேற்றார். 1992 பிளே ஆஃபில் நியூயார்க் வீரர் ஒருவரின் மட்டையடியில் லெமியூவின் கை எலும்பு முறிந்தது. ஐந்து ஆட்டங்களுக்குப் பின் திரும்பி, சிகாகோவுடனான இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் 13 நொடி எஞ்சியிருந்தபோது வெற்றிக் கோலை அடித்தார். அத்தொடரில் ஓர் ஆட்டத்தைக்கூட பிட்ஸ்பர்க் இழக்கவில்லை. கான் ஸ்மைத் விருது மீண்டும் இவருக்கே கிடைத்தது.

புற்றுநோய்

1992–93 பருவத்தின் முதல் 40 ஆட்டங்களில் 104 புள்ளி எடுத்திருந்தார். கிரெட்ஸ்கியின் 215 புள்ளிச் சாதனை தகர்ந்துவிடும் என்று பேசப்பட்ட வேளையில், 1993 ஜனவரியில், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கழுத்தில் இருந்த ஒரு கட்டியே முதல் அடையாளம். தொடக்க நிலையிலேயே தெரியவந்ததால் கதிர்வீச்சு சிகிச்சை போதுமானதாக இருந்தது.

மார்ச் 2 காலை பிட்ஸ்பர்க்கில் கடைசிக் கதிர்வீச்சைப் பெற்றுக்கொண்டு, விமானமேறி ஃபிலடெல்பியா சென்று, அன்றிரவே ஆடினார். பெங்குவின்ஸ் அணியை ஜென்மப் பகையாக நினைக்கும் ஊர் அது. அந்த அரங்கம் எழுந்துநின்று கைதட்டியது. அன்று ஒரு கோலும் ஓர் அசிஸ்டும் எடுத்தார். அணி 4–5 எனத் தோற்றது. ஆனால் சில நாட்களில் தொடங்கியது தொடர்ந்து 17 வெற்றிகள் என்ற லீக் சாதனை. திரும்பி வந்தபோது புள்ளிப் பட்டியலில் பஃபலோவின் பாட் லாஃபோன்டேனுக்கு 12 புள்ளி பின்னால் இருந்தார். எஞ்சிய 20 ஆட்டங்களில் 56 புள்ளி எடுத்து, பருவத்தின் முடிவில் அவரைவிட 12 புள்ளி முன்னால் நின்றார் (160–148). இரண்டாம் சுற்றில் நியூயார்க் ஐலண்டர்ஸிடம் தோற்றதால் மூன்றாவது கோப்பை கைநழுவியது.

முதல் ஓய்வு

1993 கோடையில் முதுகில் இரண்டாம் அறுவை சிகிச்சை. அடுத்த பருவத்தில் 22 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். கதிர்வீச்சின் பின்விளைவான களைப்பு நீங்காததால் 1994–95 பருவம் முழுவதும் ஒதுங்கியிருந்தார். 30ஆவது வயதில் திரும்பி, 70 ஆட்டங்களில் 161 புள்ளி எடுத்து, மூன்றாம் முறை ஹார்ட் விருது பெற்றார். 1996–97இல் ஆறாவது ஆர்ட் ராஸ் விருதையும் பெற்று ஓய்வை அறிவித்தார்.

உடல்நிலையோடு மனக்குறையும் ஒரு காரணம். மட்டையைக் கொக்கிபோல் மாட்டி இழுப்பதையும் கையால் பிடித்து நிறுத்துவதையும் நடுவர்கள் கண்டுகொள்வதில்லை, அதனால் திறமையுள்ளவர்களின் ஆட்டம் கெடுகிறது என்று பல ஆண்டுகளாக வெளிப்படையாகச் சாடிவந்தார். 1997 நவம்பரில், காத்திருப்புக் காலம் தள்ளுபடி செய்யப்பட்டு, ஹாக்கி புகழவையில் சேர்க்கப்பட்டார்.

சம்பள பாக்கியில் வாங்கிய அணி

அதே வேளையில் அணியின் நிதிநிலை சரிந்துகொண்டிருந்தது. அன்றைய உரிமையாளர்கள் பெரிய தொகைகளுக்கு ஒப்பந்தம் போட்டு, அவற்றில் ஒரு பகுதியைப் பின்னால் தருவதாகத் தள்ளிப்போட்டு வந்தனர். 1998இல் அணி இரண்டாம் முறையாகத் திவால் நீதிமன்றத்தை நாடியது. கடன் கொடுத்தோர் பட்டியலில் பெருந்தொகைக்குரியவர் லெமியூ; 3 கோடி டாலருக்கு மேல் அவருக்கு வர வேண்டியிருந்தது. அணி கலைந்தாலோ வேறு நகரத்துக்குப் போனாலோ அந்தப் பணம் பெரும்பாலும் வராது.

பாக்கியின் பெரும்பகுதியை அணியின் பங்காக மாற்றிக்கொண்டு, பிற முதலீட்டாளர்களையும் சேர்த்து, அணியைப் பிட்ஸ்பர்க்கிலேயே நிறுத்தும் திட்டத்தை நீதிமன்றத்தில் முன்வைத்தார். 1999இல் அத்திட்டம் ஏற்கப்பட்டு, செப்டம்பரில் அணி அவர் பொறுப்புக்கு வந்தது.

மீள்வருகை

2000 டிசம்பர் 27 அன்று, மூன்றரை ஆண்டு இடைவெளிக்குப் பின், 35 வயதில், டொராண்டோவுக்கு எதிராக மீண்டும் களமிறங்கினார். அவரைச் சிறப்பிக்க அரங்கின் கூரையில் தொங்கவிட்டிருந்த 66ஆம் எண் பதாகை ஆட்டத்துக்கு முன் கீழே இறக்கப்பட்டது. தாம் ஆடுவதைத் தம் சிறு மகன் பார்க்க வேண்டும் என்பதை ஒரு காரணமாக அவர் சொல்லியிருந்தார். ஆட்டம் தொடங்கி 33 நொடியில் யாகரின் கோலுக்கு வட்டு கொடுத்து முதல் புள்ளியை எடுத்தார். அன்று மொத்தம் மூன்று புள்ளி, வெற்றி 5–0. அப்பருவத்தில் 43 ஆட்டங்களில் 76 புள்ளி எடுத்தார்.

2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் கனடா அணித்தலைவராக இருந்தார். அமெரிக்காவுடனான இறுதி ஆட்டத்தில், தம்மை நோக்கி வந்த வட்டை அடிப்பதுபோல் மட்டையை நீட்டி, தொடாமல் கால்களுக்கிடையே போகவிட்டார். கோல்காப்பாளர் லெமியூ பக்கம் நகர, பின்னாலிருந்த பால் காரியா அதை வலைக்குள் அடித்தார். வட்டைத் தொடாததால் லெமியூவுக்குப் புள்ளி இல்லை. ஆனாலும் அவருடைய ஆட்டத்தின் சாரம் எனப் பலரும் சுட்டுவது இந்தக் காட்சியையே. 5–2 என வென்ற கனடா, 50 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தைப் பெற்றது.

இடுப்பு வலி அடுத்த பருவங்களைக் குறைத்தது. சம்பளத் தகராற்றால் 2004–05 பருவம் லீக் முழுவதற்குமே ரத்தானது. 2005இல் ஆட்டம் தொடங்கியபோது, பிடித்திழுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்க வேண்டும் என்ற நடைமுறை வந்திருந்தது. லெமியூ காலமெல்லாம் கேட்டது கிடைத்தபோது அவருக்கு வயது 40. அப்பருவத்தில் முதல் தெரிவாக அணிக்கு வந்த 18 வயது சிட்னி கிராஸ்பியைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். டிசம்பரில் இதயத் துடிப்புச் சீர்கேடு தொல்லை தந்தது. 2006 ஜனவரி 24 அன்று இறுதியாக ஓய்வுபெற்றார்.

உரிமையாளராக

1961இல் திறக்கப்பட்ட பழைய அரங்கத்தால் அணி வருவாய் ஈட்ட முடியவில்லை. புதிய அரங்கம் கட்ட அரசு இசையாவிட்டால் கன்சாஸ் சிட்டி போன்ற ஊருக்கு அணி போய்விடும் என்ற அச்சம் நிலவியது. 2007 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. 2010இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. 2009, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் கிராஸ்பியின் தலைமையில் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2021 இறுதியில் அணியின் பெரும்பான்மைப் பங்கு ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குழுமத்துக்கு விற்கப்பட்டது.

நோயுற்ற 1993ஆம் ஆண்டிலேயே இவர் தொடங்கிய மரியோ லெமியூ அறக்கட்டளை, புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளின் பராமரிப்புக்கும் நிதி அளித்துவருகிறது. 2012 மார்ச்சில் புதிய அரங்கின் வெளியே இவருடைய வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. இரு எதிரணி வீரர்களைப் பிளந்துகொண்டு முன்னேறும் காட்சி அது.

மதிப்பீடு

1984 முதல் 1997 வரையிலான 13 பருவங்களில் பிட்ஸ்பர்க் ஆடிய வழக்கமான ஆட்டங்கள் 1020. லெமியூ ஆடியவை 745. அந்த 745இல் 1494 புள்ளி எடுத்து, ஆட்டத்துக்கு இரண்டுக்குச் சற்று மேற்பட்ட சராசரியுடன் முதல்முறை ஓய்வுபெற்றார். இரண்டாம் வருகையின் 170 ஆட்டங்கள் அந்தச் சராசரியை 1.88 ஆக இறக்கின. உடல் ஒத்துழைத்திருந்தால் கிரெட்ஸ்கியின் சாதனைகள் நிலைத்திருக்குமா என்ற விவாதம் ஹாக்கி ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை.

வெல்லும் அணியினரின் பெயர்களை ஸ்டான்லி கோப்பையின் வெள்ளிப் பட்டையில் பொறிப்பது மரபு. அதில் லெமியூவின் பெயர் ஐந்து இடங்களில் உள்ளது: ஆட்டக்காரராக இரண்டு, உரிமையாளராக மூன்று. ஐந்தும் ஒரே அணியின் பெயருக்குக் கீழேதான்.